விற்பனைக்கு ஒரு குதிரை

என் லேப்டாப்பின் திரை முதலில் ஒரு நொடி மட்டும் அணைந்து எரிந்தது. ஜூன் மாதக் கடைசி. மேற்கே மலையே தெரியாத அளவுக்கு மேகம் இறங்கி, தென்காசி முழுக்கச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். கரண்ட் போய் வந்திருக்கும் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தேன். லேப்டாப்பில் பேட்டரி என்று ஒன்று இருப்பது ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

2017இல் வாங்கியது. கேமிங் லேப்டாப். மூன்று கிலோவுக்குப் பக்கத்தில் எடை, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், விசைப்பலகைக்கு அடியில் சிவப்பு விளக்கு. அதை வாங்கியபோது எனக்கு இருபதுகளின் பிற்பகுதி. இப்போது விளையாட நேரமும் இல்லை, விளையாடினால் முதுகும் ஒத்துழைப்பதில்லை. ஆனாலும் எட்டு வருடம் கூடவே இருந்த பொருள்.

அந்த ஒரு நொடி, வாரக் கடைசிக்குள் ஐந்து நொடி ஆனது. பிறகு திரையில் பச்சைக் கோடுகள். பிறகு முழுக் கறுப்பு, மூடித் திறந்தால் வெளிச்சம்.

நான் மென்பொருள்காரன். எனக்குத் தெரிந்த கோளாறெல்லாம் மென்பொருளில்தான் இருக்கும். அதனால் கோளாறையும் அங்கேயே தேடினேன். கிராபிக்ஸ் டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன். பழைய டிரைவருக்குத் திரும்பினேன். திரையின் புதுப்பிப்பு வேகத்தைக் குறைத்தேன். பயாஸைப் புதுப்பித்தேன். கடைசியில் விண்டோஸையே அழித்து முதலிலிருந்து நிறுவினேன். இரண்டு வாரம் போனது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள், ஒன்றரை நாள் ஒழுங்காக ஓடும். சரியாகிவிட்டது என்று வீட்டில் அறிவித்த அன்று இரவே கறுக்கும்.

விட்டுவிட்டு வரும் கோளாறின் கொடுமை இதுதான். கடைசியாக யார் என்ன செய்தார்களோ அதற்குப் பெயர் போய்விடும். காய்ச்சல் எப்படியும் மூன்றாம் நாள் இறங்கும். அன்றைக்கு விபூதி போட்டவர் பெரிய ஆள் ஆகிவிடுவார். படம் திரும்ப வந்தது என்பதற்கும் நான் சரிசெய்தேன் என்பதற்கும் இடையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் ஏழெட்டு முறை இந்தப் பக்கமே நின்றிருந்திருக்கிறேன்.

இதில் எனக்கு வெட்கமான ஒரு விஷயம் உண்டு. இரண்டாம் நாளே, பயாஸ் திரையில் இருக்கும்போது, அதாவது விண்டோஸும் டிரைவரும் இன்னும் எழுந்திருக்கவே இல்லாத நேரத்தில், திரை ஒருமுறை கறுத்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். டிரைவர் காரணம் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தச் சாட்சியை ஏற்றுக்கொண்டால் எனக்குத் தெரியாத இடத்துக்குள் போக வேண்டும். பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சந்தில் செல்போன், லேப்டாப் ரிப்பேர் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஆறடிக்கு எட்டடி கடை. லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்ததும் ஸ்குரூ டிரைவரைத் தேடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ சொன்னார்.

"எதையும் கழட்டாம எவ்வளவு தெரிஞ்சுக்கிட முடியுமோ அவ்வளவையும் தெரிஞ்சுக்கிடணும் தம்பி. கழட்டிட்டோம்னா அப்புறம் அது வேற லேப்டாப்பு."

திரை கறுக்கும்வரை காத்திருந்தார். கறுத்ததும் கேப்ஸ் லாக்கை அழுத்தினார். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தது. உயிர் இருக்கிறது. செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்துக் குனிந்து பார்த்தார். திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் போயிருந்தால், டார்ச் வெளிச்சத்தில் படம் நிழல் மாதிரி மங்கலாகத் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. ஆக, படமே வந்து சேரவில்லை. அடுத்து ஒரு எச்டிஎம்ஐ கேபிளால் கடையின் டிவியில் இணைத்தார். லேப்டாப் திரை கறுத்தபோதும் டிவியில் படம் அசையாமல் நின்றது. படம் உருவாகிறது, வழியில்தான் தொலைகிறது. கடைசியாக மூடியை ஒரு விரலால், கல்யாணப் பத்திரிகையைத் திறப்பதுபோல, மெல்லச் சாய்த்துக்கொண்டே போனார். ஒரு கோணத்தில் திரை செத்தது. அரை இஞ்ச் முன்னால் கொண்டுவந்தால் உயிர். பின்னால் கொண்டுபோனால் சாவு.

"கீலுக்குள்ள போற கேபிள்."

டீ இன்னும் ஆறவில்லை. என் இரண்டு வாரம் அங்கே பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்தக் கேபிள் நாடா மாதிரி மெல்லியது. தலைமயிர் போன்ற கம்பிகள் சேர்ந்து, தாய்ப்பலகையிலிருந்து கீல் வழியாக வளைந்து திரைக்கு ஏறுகிறது. நாளுக்குப் பத்து முறை திறந்து மூடினால் எட்டு வருடத்தில் 29,200 முறை அது மடங்கியிருக்கும். கழற்றியபோது கனெக்டரின் ஓரத்தில் பச்சைக் களிம்பு வேறு பூத்திருந்தது. "நம்ம ஊரு ஈரம்" என்று சொல்லி ஆல்கஹாலில் துடைத்தார். புதுக் கேபிள் கூரியரில் வர ஒன்பது நாள், விலை 1,400 ரூபாய். மாட்டியதும் படம் நின்றது. அதன் பிறகு ஒருமுறைகூடக் கறுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

சரியானதும் விற்றுவிடலாம் என்று தோன்றியது. விற்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை விட்சர் 3 ஆடிப் பார்க்கலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். இருபது நிமிடம் போயிருக்கும். வானத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் முளைத்தன. ஊதா, பச்சை, அரிசி அளவில். பிறகு குதிரையின் கழுத்து நீண்டு அடிவானம் வரை போனது. பிறகு எல்லாம் உறைந்தது. மறுபடி தொடங்கினேன். மறுபடியும் இருபது நிமிடம்.

இந்த இடத்தில் கேமிங் லேப்டாப்பின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தப்பு அதற்குள்தான் ஒளிந்துகொண்டது. என்னுடையது போன்ற லேப்டாப்பில் படம் வரைபவர்கள் இருவர். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராபிக்ஸ் ஒன்று. மெயில், சினிமா, பிரவுசர் எல்லாம் அதன் பொறுப்பு. தனியாகச் சொந்த நினைவகத்தோடு இருக்கும் பெரிய கிராபிக்ஸ் சிப் இன்னொன்று. கனமான விளையாட்டு, முப்பரிமாண வேலை வந்தால்தான் அது எழும். பெரியவர் வரைந்ததையும் சிறியவர்தான் வாங்கித் திரைக்கு அனுப்புவார். அதனால் பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்பது சாதாரணமாகப் பயன்படுத்துகிறவனுக்குத் தெரியவே தெரியாது. நாள் முழுக்க யூடியூப் பார்க்கலாம். படம் பளிங்கு மாதிரி இருக்கும்.

அண்ணாச்சியிடம் மறுபடி போனேன். கட்டங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது சிப்பு தம்பி. இல்லேன்னா பக்கத்துல இருக்க மெமரி. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது. அதைப் பிரிச்சுச் சொல்லுத சாமான் எங்கிட்ட இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஹீட் வச்சா வரும். ஒரு மாசமோ, மூணு மாசமோ. அப்புறம் போயிரும். அதுக்கு ரிப்பேர்னு பேரு கிடையாது."

சூடு வைப்பது என்பது கிராபிக்ஸ் உலகின் பழைய நாட்டு வைத்தியம். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் பழைய தலைமுறை லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் சிப்பைப் பொதியும் பொருள் பலவீனமாக இருந்ததாக அறிவித்து, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. திரும்பத் திரும்பச் சூடாகி ஆறியதில், சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே இருந்த நுண்ணிய இணைப்புகளில் விரிசல் விழுந்திருந்தது. அந்தக் காலத்தில்தான் ஆட்கள் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வீட்டு அவனில், கேக் சுடுவதுபோல வைத்து எடுத்தார்கள். பலருக்குப் படம் திரும்பியது. சூட்டில் விரிந்த உலோகம் விரிசலின் இரு கரைகளையும் கொஞ்ச காலத்துக்குத் தொடவைத்திருக்கும், அவ்வளவுதான். விரிசல் அங்கேயே இருந்தது. என்னுடையது அந்தத் தலைமுறையும் அல்ல, அந்தக் கதையும் அல்ல. எட்டு வருட வயது. ஆனால் வைத்தியம் அதே வைத்தியம், அதன் பொய்யும் அதே பொய்.

சூடு வேண்டாம் என்றேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வேறொரு வழி எனக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சியே ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கிறவர், பையன் இன்ஜினியரிங் முதல் வருடம் சேர்ந்திருக்கிறான், 'கேமிங் லேப்டாப்'தான் வேண்டும் என்று நிற்கிறான், 22,000 வரை கொடுப்பார்கள். "சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். பொருள் உங்களோடது. எங்கிட்ட நேரா கேட்டாங்கன்னா நான் பொய் சொல்ல மாட்டேன், அதை மட்டும் வச்சுக்கிடுங்க" என்றார்.

முந்தைய இரவு டிவைஸ் மேனேஜரைத் திறந்து அந்தப் பெரிய சிப்பை முடக்கினேன். வலது கிளிக், ஒரு வார்த்தை, முடிந்தது. தேவையில்லாமல் சூடாக வேண்டாமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நான் தனியாகத்தான் இருந்தேன். கேட்பதற்கு அறையில் யாரும் இல்லை. இருந்தாலும் காரணம் சொன்னேன்.

கடையில் பையன் பிரவுசரைத் திறந்தான். ஒரு பாட்டு வீடியோ ஓடவிட்டான். கீபோர்டின் சிவப்பு விளக்கைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. அப்பா மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார், கீல் கெட்டியாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, சந்தேகமே இல்லாமல், பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"குறை ஒண்ணும் இல்லைல்லா தம்பி? இருந்தாச் சொல்லியிருப்பீங்கள்லா."

நான் சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சுற்றினேன். அண்ணாச்சி என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் 2,000 ரூபாய் அட்வான்ஸ் எண்ணிக் கொடுத்தார், மீதியை ஞாயிற்றுக்கிழமை தந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

பொய் சொல்லவில்லை. அன்று இரவு முழுக்க இதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதற்குச் சட்டத்தில் ஏதாவது ஆறுதல் இருக்குமா என்று தேடினேன். ஆறுதல் இருந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவு. ஒப்பந்தம் செய்யும் ஒருவர் வெறுமனே மௌனமாக இருப்பது மோசடி ஆகாது என்பது பொது விதி. புரிவதற்கு ஒரு குதிரையைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். ஒருவர் தன் குதிரைக்கு நோய் என்று தெரிந்தே ஏலத்தில் இன்னொருவருக்கு விற்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

அங்கேயே மூடிவைத்திருக்கலாம். அடுத்த உதாரணத்தையும் படித்தேன். அதே குதிரை. ஆனால் வாங்குவது விற்பவரின் மகள், அப்போதுதான் வயதுக்கு உரிய பருவத்தை எட்டியவள். இப்போது அந்த உறவே சொல்ல வேண்டிய கடமையை உண்டாக்கிவிடுகிறது. மூன்றாவது: வாங்குபவர் விற்பவரிடம், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். இங்கே மௌனம் பேச்சுக்குச் சமம்.

150 வருடத்துக்கு முன்பு யாரோ எழுதியது. இருந்தாச் சொல்லியிருப்பீங்கள்லா. எழுதியவர் ரிப்பேர் கடைக்குள் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது.

ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்தது மூன்றாவது அல்ல, இரண்டாவது. மகள் என்றால் சொல்ல வேண்டும், ஏலத்தில் முகம் தெரியாதவன் என்றால் வேண்டாம். சரி. எங்கள் பக்கத்தில் முகம் தெரியாதவன் என்று யாரை வைப்பது? பஸ்ஸில் சில்லறை கேட்கும் கண்டக்டர் எனக்கு அண்ணாச்சி. ரிப்பேர்காரர் அண்ணாச்சி. நான் பழக்கடைக்காரருக்குத் தம்பி. அவர் பையன் என்னை அண்ணே என்கிறான். அந்தக் கடையில் நின்ற நாலு பேரும் நாலு நிமிடத்துக்குள் ஒரு குடும்பம் ஆகிவிட்டோம். இது வெறும் பேச்சு வழக்கு, இதை வைத்துக் கடமை பேச முடியாது என்று சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் இந்த வழக்கு எதற்காக இருக்கிறது? அந்நியனோடு வியாபாரம் செய்வது பயமான காரியம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் உறவுச் சொல்லைக் கடன் வாங்குகிறோம். 'தம்பி' என்று அவர் கூப்பிட்டபோது ஏலத்தின் விதியிலிருந்து மகளின் விதிக்கு என்னை மாற்றிவிட்டார். நான் அந்தச் சொல்லின் சுகத்தை வாங்கிக்கொண்டேன். விலை மட்டும் கொடுக்கவில்லை.

இந்தச் சண்டை நமக்கு முன்பே நடந்து முடிந்த சண்டைதான். கி.மு. 44இல் சிசெரோ தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வீட்டுக் கதை வருகிறது. வீட்டில் நோய் பரவும், படுக்கை அறைகளில் பாம்பு வரும், மரம் உளுத்தது. உரிமையாளர் ஒருவருக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் விற்கலாமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜனிஸ் (தாழிக்குள் குடியிருந்தவர் இல்லை, அவர் வேறு) விற்கலாம் என்கிறார். பாம்பு வீடு விற்பனைக்கு என்று தண்டோரா போட்டு எவனாவது விற்பானா என்பது அவர் கேள்வி. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி காட்டாமல் போவதைவிட இது மோசம் என்கிறார். சிசெரோ மாணவர் பக்கம். எனக்கென்னவோ டயோஜனிஸைக் கொஞ்சம் பிடித்திருந்தது. அவர் வியாபாரத்தை வியாபாரமாகப் பார்த்தார். ஆனால் அவர் வாதத்துக்கு ஒரு நிபந்தனை வேண்டும்: விற்பவன் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். பாம்புப் புற்றின் மேல் பாயை விரித்துவிட்டு, நான் பேசாமல்தானே இருந்தேன் என்று சொல்ல அவரும் இடம் தரமாட்டார். நான் பாய் விரித்திருந்தேன். டிவைஸ் மேனேஜரில்.

மறுநாள் மாலை காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட என்று சொல்ல முடியாது. அந்த வாசலில் அடிக்கும் காற்றுக்காக அடிக்கடி போவேன். உள்ளே நுழையும்போது எதிரே வந்து நெஞ்சில் தள்ளும், தாண்டியதும் முதுகுப் பக்கம் மாறும். இந்தக் கோயிலை 1446இல் கட்டத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். அவனுடைய பாடல் ஒன்று இங்கே கல்வெட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொல்லிக் கேட்டது. ஊரில் பலருக்கும் மனப்பாடம். அதன் பொருள் இவ்வளவுதான்: இந்தக் கோயிலுக்கு இதுவரை வராத ஒரு குற்றம் பின்னால் எப்போதாவது வந்தால், அதைச் சீராக்கிக் காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் சரி, உலகம் அறிய அவரைப் பணிகிறேன்.

சின்ன வயதில் இதைப் பணிவு என்று மட்டும்தான் புரிந்துகொண்டேன். அன்றைக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. கட்டி முடித்த பெருமையில் நிற்கும் ஒரு அரசன், கெட்டுப்போகும் என்பதை அதே கல்லில் எழுதி வைக்கிறான். வாங்குகிறவனிடம், அதாவது நமக்கு, குறையைச் சொல்லித்தான் ஒப்படைக்கிறான். அது வீணும் போகவில்லை. ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. இப்போது நிற்கும் ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1990இல். அப்பா அந்தக் கூட்டத்தில் நின்ற கதையை இன்னும் சொல்வார். அரசன் 15ஆம் நூற்றாண்டில் போட்ட கும்பிடு, சாரத்தில் ஏறி நின்ற கொத்தனார்களுக்கு 20ஆம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்தது.

என் லேப்டாப்பின் அடியில் ஒரு திருகாணியின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கிழித்தால் உத்தரவாதம் செல்லாது என்று. கட்டியவன் பணிவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. காலம் மாறாமலும் இல்லை. பிரான்சில் 2021 முதல் லேப்டாப்புகள் மேல் அதை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்க முடியும் என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போடச் சட்டம் இருக்கிறது. இங்கேயும் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையவாசலைத் திறந்தது. ஆனால் இதெல்லாம் செய்தவனின் கடமை பற்றியது. என் பிரச்சினை அதைவிடச் சின்னது, என் கைக்குள் இருப்பது.

பாண்டியன் கோயிலின் சிதைவைச் சொல்லவும் குற்றம் என்ற சொல்லைத்தான் போட்டிருக்கிறான். தமிழில் பழுதுக்கும் குற்றம், பாவத்துக்கும் குற்றம். சிப்பில் இருந்தது முதல் வகை. அதில் யாருக்கும் வெட்கம் இல்லை, பொருள் என்றால் தேயும். அதை முடக்கி மறைத்த ராத்திரியில் அது இரண்டாம் வகைக்குக் கடந்துவிட்டது. சொல்லியிருந்தால் வெறும் பழுதாகவே இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே குற்றாலத்துக்கு வண்டியை எடுத்தேன். ஐந்து கிலோமீட்டர்தான். சீசன் கூட்டத்தில் அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது; வேன்கள், தலைக்கு எண்ணெய் வைத்த ஆட்கள், ஈரத் துண்டுகள். போகிற வழியில் மனசு வேறு எங்கோ ஓடியது. இந்தக் குற்றாலத்தில்தான் ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் வாழ்ந்தார். கம்பனை அவரைப் போல ருசித்தவர் குறைவு. ஆனால் தன் காதுக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சொற்களையும் மாற்றினார். அவர் கைபட்ட பாட்டு பல இடங்களில் இன்னும் இனிமையாகவே இருக்கும். இன்னொரு பக்கம் உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை. சிதைந்த பாடல்களில் ஏடு இல்லாத இடத்தில் புள்ளி வைத்தார். அவருடைய தமிழுக்கு அந்த இடங்களை நிரப்பத் தெரியாதா என்ன? வாசகனாக எனக்கு டி.கே.சி.யின் கம்பன் பிடிக்கும். ஆனால் செகண்ட் ஹேண்டில் ஒரு பொருள் வாங்குவதாக இருந்தால் உ.வே.சா.விடம்தான் வாங்குவேன்.

பழக்கடையில் அவர் மங்குஸ்தானை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத் தனியே வைத்துக்கொண்டிருந்தார். கல் மாதிரி இறுகியதை ஒரு கூடையில் ஒதுக்கினார். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, நாளைக்குல்லா வரச் சொன்னேன்" என்றார்.

சொன்னேன். பெரிய சிப்பு, கட்டம், இருபது நிமிடம், எல்லாம். நான் முடக்கி வைத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் குரல் போனது. உண்மையைச் சொன்னால் எதிரே இருப்பவர் நெகிழ்ந்துபோவார் என்று எனக்குள் ஒரு சினிமா ஓடியிருக்க வேண்டும். அவர் கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்தார்.

"நேத்து முந்தாநேத்து கேட்டேன்லா. வாயத் தொறந்து கேட்டேன்லா உங்ககிட்ட."

"ஆமா."

"எம் பையன் ரெண்டு நாளா அதே பேச்சு. அவன் கூட்டாளிகள்ட்டல்லாம் சொல்லிட்டான். இப்ப நான் அவன்ட்ட என்ன சொல்லட்டும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மை தாமதமாக வந்தால் அது உண்மையாக மட்டும் வருவதில்லை. நடுவில் கழிந்த இரண்டு நாளின் கணக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு வருகிறது. அட்வான்ஸ் 2,000 ரூபாயை நீட்டினேன். வாங்கிக் கல்லாப்பெட்டியில் போட்டார். ஒரு வாடிக்கையாளர் வந்தார், ரம்புட்டான் கிலோ என்ன விலை என்று கேட்டார், பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கிளம்பு என்றும் அவர் சொல்லவில்லை.

"இந்தப் பழம் இருக்கு பாருங்க" என்று கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தோல் இறுகியிருந்தா எனக்குத் தெரியும், ஒதுக்கிருவேன். ஆனா சிலது வெளிய மெத்துன்னு இருக்கும், உள்ள மஞ்சப் பால் இறங்கிக் கசக்கும். அது எனக்கே தெரியாது. தெரியாம கொடுத்தா மறுபடி வந்து கேக்கறவனுக்கு வேற தருவேன். தெரிஞ்சு கொடுத்தா அடுத்த சீசனுக்கு எவன் வருவான்?"

பையன் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவன் சட்டென்று, "அண்ணே, கேம் ஓடாட்டிப் பரவாயில்ல. கோடிங் ஓடும்லா?" என்றான். ஓடும் என்றேன். எவ்வளவு நாள் என்று கேட்டான். தெரியாது என்றேன். சிறிய கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறது, கேபிள் புதுசு, திரையும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதே தாய்ப்பலகையில் அந்தச் சிப்பும் இருக்கிறது, அது மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போகுமா என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். அப்பாவும் மகனும் பார்த்துக்கொண்டார்கள்.

"எட்டாயிரம்" என்றார் அப்பா. "எழுதிக் கொடுங்க."

ரிப்பேர் அண்ணாச்சிக்கு நான் போய்ச் சொன்னதில் வருத்தம்தான். 22,000த்தில் அவருக்கு வர வேண்டிய கமிஷன் 8,000த்தில் வராது. "ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா நானே வேற விலை பேசியிருப்பேன்லா" என்றார். இதிலும் அவர் சொன்னது சரி. அவர் கடையில் உட்கார்ந்துதான் அந்தத் தாளை எழுதினேன். சட்டப்படி எதுவும் இல்லை, ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள். முதலில் திரைக் கேபிள் மாற்றியது, தேதியோடு. இரண்டாவது, தனி கிராபிக்ஸ் சிப் அல்லது அதன் மெமரி பழுது, எது என்று தெரியாது, இருபது நிமிடத்தில் கட்டம் வரும், அதனால் முடக்கப்பட்டிருக்கிறது, எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் படம் போகாது, யார் சொன்னாலும் சூடு வைக்க வேண்டாம். மூன்றாவது, இடது ஸ்பீக்கர் சத்தம் கூட்டினால் இரையும். ஸ்பீக்கரை எனக்கே எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது. அண்ணாச்சி வாங்கிப் படித்துவிட்டு, "கேபிள் போட்ட ஆள் பேரையும் எழுதுங்க, மறுபடி வந்தா நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எழுதினேன்.

நவம்பரில், வடகிழக்கு மழை நேரத்தில், பையனிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. அந்தத் தாளைத்தான் போட்டோ எடுத்திருந்தான். ஓரத்தில் டீ கறை. என்னுடைய மூன்று வரிகளுக்கும் கீழே, பச்சை மையில், அவன் கையெழுத்தில் புதிதாக ஒன்று: 'நான்கு. பேட்டரி இப்போது 40 நிமிடம்தான் நிற்கிறது.' அதற்குக் கீழே அடுத்த எண்ணையும் போட்டு, ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தான்.